மூன்று நாற்காலிகள்: சீருடையில் தொடங்கி வக்காலத்துவரை, இளம் வழக்கறிஞருக்கு ஒரு வழிகாட்டி

1945 நவம்பர் 5ஆம் தேதி டெல்லி செங்கோட்டைக்குள் ஒரு ராணுவ நீதிமன்றம் கூடியது. இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர்மீதும் அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகக் குற்றச்சாட்டு. அரசுத் தரப்பில் அட்வகேட் ஜெனரல் என்.பி. எஞ்சினியர் வாதாடினார். எதிர்த்தரப்பில் புலாபாய் தேசாய். தீர்ப்புச் சொல்ல அமர்ந்திருந்தவர்கள் ராணுவ அதிகாரிகள். அவர்களுக்குச் சட்டம் எடுத்துச் சொல்ல, எந்தத் தரப்பையும் சேராத ஜட்ஜ் அட்வகேட் ஒருவர் தனியே உட்கார்ந்திருந்தார்.

சட்டக் கல்லூரி முடித்த பிள்ளைகள் என்னிடம் வழி கேட்கும்போது அந்த அறையைத்தான் முதலில் சொல்வேன். ஒரு சட்டப் பட்டதாரி உட்காரக்கூடிய மூன்று நாற்காலிகள் அங்கே இருந்தன. முதல் நாற்காலிக்குத் தரப்பே கிடையாது. இரண்டாவது அரசின் தரப்பு. மூன்றாவது, கூண்டில் நிற்கும் ஒரு மனிதனின் தரப்பு. பத்து ஆண்டுகள் ராணுவச் சட்டப் பிரிவிலும், பிறகு ஒரு தென்மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தில் கூடுதல் அரசு வழக்கறிஞராகவும் இருந்துவிட்டு, இப்போது சென்னையில் தனியாக வழக்கு நடத்துகிறேன். மூன்றிலும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில், இந்த வழியில் எங்கே கதவு இருக்கிறது, எது எப்போது மூடும், உள்ளே போனதும் எதைக் கற்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வயதுக் கணக்கு

இந்தியாவில் இந்த மூன்று வேலைகளுக்கும் வரிசையை நம் விருப்பம் தீர்மானிப்பதில்லை. வயது வரம்பும் அனுபவ வரம்பும்தான் தீர்மானிக்கின்றன. தரைப்படையின் சட்டப் பிரிவான ஜாக் (ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல்) பிரிவில் சட்டப் பட்டதாரிகளாக நேரடியாகச் சேர 21 முதல் 27 வயதுவரைதான் இடம் உண்டு. 28இல் ஆசை வந்தால் பயனில்லை. மறுபக்கம், தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக அரசு உதவி வழக்கறிஞராக வேண்டுமென்றால் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டுகளாவது வழக்கு நடத்தியிருக்க வேண்டும். மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர், கூடுதல் அரசு வழக்கறிஞர் பதவிகளுக்கு ஏழு ஆண்டுகள். தனி வழக்கு ஒன்றுக்குச் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்கப்படப் பத்து ஆண்டுகள். பின்னவை இரண்டும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆகவே சீருடை வேண்டுமென்றால் அதுதான் முதலில். மற்ற இரண்டுக்கும் பின்னால் போக வழி உண்டு. சீருடைக் கதவு திரும்பத் திறக்காது. கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே இந்த முடிவை எடுத்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சன்னது

சட்டப் படிப்பு முடிந்ததும் பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்து, சன்னது என்னும் பதிவுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. அகில இந்திய பார் தேர்வையும் பாடங்கள் மனதில் இருக்கும்போதே எழுதி முடித்துவிடுங்கள். பத்து வருடம் பாசறையில் இருந்துவிட்டு வந்து சொத்துரிமை மாற்றுச் சட்டத்தைத் திரும்பப் படிப்பது எவ்வளவு கடினம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. முழுநேரச் சம்பள வேலையில் சேரும் நாள் முதல் வழக்கறிஞர் தொழில் நடத்தக்கூடாது. இது பார் கவுன்சில் விதிகளில் 49ஆவது விதி. ராணுவத்தில் சேர்ந்ததும் பார் கவுன்சிலுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, சன்னதை ஒப்படைத்து, தொழிலை நிறுத்தி வையுங்கள். அனுப்பிய கடிதத்தின் நகலையும் பதிவுத் தபால் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். திரும்பி வரும் நாளில் உங்களிடம் முதலில் கேட்கப்படும் காகிதம் அதுதான்.

ஜாக் பிரிவுக்குள் நுழைவது

சட்டப் பட்டத்தில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண் வேண்டும். இப்போது முதுநிலை கிளாட் தேர்வு மதிப்பெண்ணும் கட்டாயம். ஆகவே மேற்படிப்புக்குப் போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தத் தேர்வை எழுதியே ஆக வேண்டும். ராணுவம் தனியாக எழுத்துத் தேர்வு வைப்பதில்லை. விண்ணப்பங்களைச் சலித்து, எஸ்.எஸ்.பி. என்னும் படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு அழைப்பார்கள். திருமணமாகாத ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம். ஆண்களுக்கு அதிக இடம், பெண்களுக்குக் குறைவு என்று இருந்த பங்கீட்டை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. தகுதிப் பட்டியலில் முன்னால் இருந்தும் இடம் கிடைக்காத பெண்கள் தொடுத்த வழக்கு அது. என் காலத்தில் எத்தனை திறமையான பெண்கள் அந்தப் பங்கீட்டால் வெளியே நின்றார்கள் என்பதை நேரில் பார்த்தவன் என்பதால், அந்தத் தீர்ப்பைப் படித்த நாளில் மனம் நிறைந்தது.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாளிலேயே அறிவுத் தேர்வும், ஒரு படத்தைப் பார்த்துக் கதை எழுதிக் குழுவாக விவாதிப்பதும் நடக்கும். அதில் தேறாதவர்கள் அன்று மாலையே ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். தேறியவர்களுக்கு உளவியல் தேர்வுகள். அறுபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து விநாடி, மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். பிறகு மைதானத்தில் கயிறும் பலகையும் வைத்துக்கொண்டு குழுவாகத் தடை தாண்டும் பணிகள், தனி நேர்காணல், கடைசி நாள் கலந்தாய்வு. சட்டம் படித்தவர்கள் இங்கே பொதுவாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு: குழு விவாதத்தை வாதமாக்கி, எதிரில் இருப்பவரை மடக்கப் பார்ப்பார்கள். அங்கே தேடுவது வாதத் திறமையை அல்ல. பேச வாய்ப்பே கிடைக்காமல் இருக்கும் ஒருவரை நீங்கள் கவனிக்கிறீர்களா என்பதும் அங்கே கணக்கில் சேரும்.

தேர்வானால் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி. சட்டப் பட்டதாரி என்பதற்காகச் சலுகை கிடையாது. துப்பாக்கி, வரைபடம், சுமையோடு ஓட்டம் எல்லாமே மற்றவர்களோடுதான். முடித்தால் தோளில் இரண்டு நட்சத்திரங்களோடு லெப்டினன்ட். ராணுவச் சட்டத்தை முறையாகக் கற்பது பிறகு, நாக்பூர் அருகே காம்ப்டியில் உள்ள ராணுவச் சட்டக் கழகத்தில். கடற்படையும் சட்டப் பட்டதாரிகளை எடுக்கிறது. அவர்களுக்குப் பயிற்சி கேரளத்தின் எழிமலையில்.

இப்போதே இந்தியை ஓரளவு பேசக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ஜவானின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் காகிதத்தை அவனுக்குப் புரியும் மொழியில் விளக்க முடியாத அதிகாரி, சட்டம் எவ்வளவு தெரிந்திருந்தும் பாதி அதிகாரிதான்.

முதல் நாற்காலியின் வேலை

1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும் 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளும்தான் உங்கள் பாடநூல்கள். அந்தச் சட்டம் நான்கு வகை ராணுவ நீதிமன்றங்களைச் சொல்கிறது: பொது, மாவட்ட, சுருக்கப் பொது, சுருக்க நீதிமன்றங்கள். பொது ராணுவ நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து அதிகாரிகள், மாவட்ட நீதிமன்றத்தில் மூவர். சுருக்க நீதிமன்றத்தில் கமாண்டிங் அதிகாரி ஒருவரே நீதிமன்றம். பொது நீதிமன்றத்துக்கு ஜட்ஜ் அட்வகேட் கட்டாயம். மாவட்ட நீதிமன்றத்திலும் சுருக்கப் பொது நீதிமன்றத்திலும் விருப்பம்போல்.

ஜட்ஜ் அட்வகேட்டுக்கு ஓட்டு கிடையாது. சாட்சியத்தைத் தொகுத்துச் சொல்லலாம், சட்டம் சொல்லலாம். குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் உரிமை உறுப்பினர்களுக்கே. அவர்கள் கருத்தைக் கேட்கும்போதும் பதவியில் இளையவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கர்னல் முதலில் வாய் திறந்துவிட்டால் கேப்டன் எப்படி மாற்றிச் சொல்வான்? அந்த ஒரு விதியில் எத்தனை அனுபவம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுகள் சமமாகப் பிரிந்தால் முடிவு குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகம்.

பொது, மாவட்ட, சுருக்கப் பொது நீதிமன்றங்களின் தீர்ப்பு உறுதிசெய்யும் அதிகாரி ஏற்கும்வரை செல்லாது. செங்கோட்டை வழக்கிலும் இதுதான் நடந்தது. நீதிமன்றம் மூவருக்கும் ஆயுள்கால நாடுகடத்தல் விதித்தது. 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையைத் தள்ளுபடி செய்து, பதவி நீக்கத்தையும் சம்பள, படி நிலுவைப் பறிப்பையும் மட்டும் உறுதிசெய்தார். நாடு கொதித்த கொதிப்பு ஒரு காரணம். ஆனால் அவர் கையில் அந்த அதிகாரம் சட்டப்படி இருந்தது என்பதை மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

நீதிமன்ற அறையைவிட மேசையில்தான் உங்கள் காலம் அதிகம் போகும். குற்றச்சாட்டு நிற்குமா, எந்தப் பிரிவில் நிற்கும் என்று விசாரணைக்கு முன்பே தளபதிக்கு ஆலோசனை எழுத வேண்டும். என் முதல் ஆண்டில் வந்த ஒரு கோப்பு இன்னும் கண்முன் நிற்கிறது. விடுப்பு முடிந்தும் திரும்பாத ஜவான். ஐம்பது நாட்கள் கழித்து ஒரு ரயில் நிலையத்தில் பிடித்திருக்கிறார்கள். 38ஆம் பிரிவு, படையை விட்டு ஓடியதாகக் குற்றச்சாட்டு. நான் சாட்சியச் சுருக்கத்தை இரண்டு முறை படித்து, குற்றச்சாட்டு சரி என்று எழுதி, மேலதிகாரியிடம் கொண்டுபோனேன்.

அவர் என் குறிப்பைத் தொடவே இல்லை. கோப்பின் கடைசிக்குப் போனார். பிடிபட்டபோது அவன் சட்டைப் பையிலும் பையிலும் இருந்த பொருள்களின் பட்டியல். ஒரு கைக்குட்டை, ஒரு சீப்பு, நாற்பது ரூபாய் சில்லறை என்று போய், ஏழாவது வரியில் "ரயில் டிக்கெட், ஒன்று." "எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கோப்பை அனுப்பிய பிரிவுக்கும் தெரியவில்லை. உறைக்குள் இருந்த டிக்கெட்டை வரவழைத்துப் பார்த்தோம். அவன் ஊரிலிருந்து, அவன் படைப்பிரிவு இருந்த ஊருக்கு. பிடிபட்ட அதே நாள் தேதி. ஓடிப்போகிறவன் திரும்பும் டிக்கெட் வாங்குவானா?

ஓடியது என்று சொல்ல, திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று காட்ட வேண்டும். அது இல்லையென்றால் 39ஆம் பிரிவு, அனுமதியின்றி வராமல் இருந்தது, அவ்வளவுதான். போர்ப்பணி இல்லாத காலத்தில் முதலாவதற்கு ஏழு ஆண்டுவரை சிறை, இரண்டாவதற்கு மூன்று. குற்றச்சாட்டை மாற்றச் சொல்லி எழுதினோம். அன்று முதல் எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். இந்தப் பழக்கத்தை மட்டுமாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விதிகளை முதல் மாதத்திலேயே மனப்பாடம் செய்யுங்கள். ராணுவ விதி 22, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் கமாண்டிங் அதிகாரி குற்றச்சாட்டைக் கேட்க வேண்டும் என்கிறது. விதி 180, ஒருவரின் நற்பெயர் பாதிக்கப்படும் விசாரணையில் அவர் முழுநேரமும் உடனிருக்கவும் சாட்சிகளைக் கேள்வி கேட்கவும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. பின்னாளில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் ராணுவத் தண்டனைகளை எதிர்க்கும்போது இவ்விரண்டும் மீறப்பட்டனவா என்றுதான் முதலில் தேடுவீர்கள். உள்ளே இருக்கும்போது இவற்றை மதித்து நடந்தவருக்கே வெளியே வந்த பிறகு இவற்றைப் பற்றிப் பேச முழுத் தகுதி இருக்கும்.

வெளியே வருவது

இப்படி நேரடியாகச் சேருபவருக்கு முதலில் கிடைப்பது குறுகிய காலப் பணி, பத்து ஆண்டுகள். விரும்பினால் மேலும் நான்கு. தகுதியும் இடமும் இருந்தால் நிரந்தரப் பணி. நிரந்தரப் பணி கிடைக்காமல் பத்திலோ பதினான்கிலோ வெளியே வரும் அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை உண்டு. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதில், கீழ் நீதிமன்ற வராந்தாவில் இருபத்து நான்கு வயது ஜூனியர்களோடு நின்று மீண்டும் தொடங்க வேண்டும். சேமிப்பில் இரண்டு ஆண்டுக் குடும்பச் செலவு கையிருப்பு இல்லாமல் இறங்காதீர்கள்.

பணியில் பார்த்த கோப்புகளின் நகல் ஒன்றுகூட உங்கள் பெட்டியில் வரக்கூடாது. 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் உங்களைத் தொடரும். நீங்களே ஆலோசனை எழுதிய வழக்கில் எதிர்த்தரப்புக்காக ஆஜராகவும் கூடாது. நண்பர் வந்து கேட்பார், மறுத்துவிடுங்கள்.

பார் கவுன்சிலில் தொழிலை மீண்டும் தொடங்க விண்ணப்பித்து, நல்ல குற்றவியல் சீனியர் ஒருவரிடம் சேருங்கள். கேப்டனாகவும் மேஜராகவும் இருந்தவர் இன்னொருவரின் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதா என்ற தயக்கம் வரும். சீருடையில் சல்யூட் வாங்கிப் பழகிய உடம்பு அது. ஆனால் வாய்தா எப்படி வாங்குவது, பெஞ்ச் கிளார்க்கிடம் எப்படிப் பேசுவது, ஜாமீன்தாரரின் காகிதத்தில் எதைப் பார்ப்பது என்பதெல்லாம் ராணுவத்தில் யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரு மூத்த குமாஸ்தா சொல்லித்தருவார். அவரை மதியுங்கள்.

இரண்டாவது நாற்காலி

அரசுத் தரப்பில் இரண்டு வழிகள். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் அரசு உதவி வழக்கறிஞர் நிரந்தர அரசு ஊழியர்; டி.என்.பி.எஸ்.சி. தேர்வெழுதி வர வேண்டும். செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடத்தும் அரசு வழக்கறிஞரும் கூடுதல் அரசு வழக்கறிஞரும் வழக்கறிஞர்களிலிருந்து நியமிக்கப்படுபவர்கள். செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து மாவட்ட ஆட்சியர் தயாரிக்கும் பட்டியலிலிருந்து அரசு தேர்ந்தெடுக்கிறது. ஆட்சி மாறினால் பதவியும் மாறுவது வழக்கம் என்பதால் இதை நிரந்தரம் என்று நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள். சீருடையில் கழித்த ஆண்டுகளை ஏழு ஆண்டு அனுபவத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் நம்பியிருக்க வேண்டாம். நீதிமன்றத்தில் நின்ற ஆண்டுகளை வைத்தே கணக்குப் போடுங்கள். மத்திய புலனாய்வுத் துறைக்கான அரசு வழக்கறிஞர்களை யு.பி.எஸ்.சி. தேர்வு செய்கிறது, அந்த அறிவிக்கைகளையும் கவனித்து வாருங்கள்.

ஒரு நல்ல செய்தி: அரசு வழக்கறிஞராகச் சம்பளம் வாங்கினாலும் நீங்கள் வழக்கறிஞர் அல்லாமல் போய்விடுவதில்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. மாவட்ட நீதிபதித் தேர்வுக்குக் கண் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம்.

வேலை என்ன? குற்றப்பத்திரிகை வந்ததும் சாட்சிகளை வரிசைப்படுத்துவது, அ.சா.1 என்னும் அரசுத் தரப்பின் முதல் சாட்சியிலிருந்து புலன் விசாரணை அதிகாரிவரை முதல் விசாரணை செய்வது, ஆவணங்களை அ.சா.ஆ. எண்ணிட்டு, பொருள்களைச் சா.பொ. எண்ணிட்டுத் தாக்கல் செய்வது, சாட்சி பிறழ்ந்தால் நீதிமன்ற அனுமதியோடு அவரைக் குறுக்கு விசாரணை செய்வது. 2024 ஜூலை 1 முதல் புதிய மூன்று குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருப்பதால் பழைய பிரிவு எண், புதிய பிரிவு எண் இரண்டையும் கைவசம் வைத்திருங்கள். பழைய குற்றங்கள் பல ஆண்டுகளுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழேயே விசாரணைக்கு வரும். செல்பேசிப் பதிவு, கண்காணிப்புக் கேமராப் பதிவு போன்றவற்றுக்கு, முன்பு 65பி என்று அழைத்த சான்றிதழ் இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவில் இருக்கிறது. அது இல்லாமல் குறுந்தகட்டை மட்டும் நீட்டும் காவல் நிலையங்கள் இன்னும் இருக்கின்றன. குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். பழகினாலும் கடினமாகவே இருப்பது வேறொன்று. 1999இல் ஷிவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: எப்படியாவது தண்டனை வாங்கித்தர வேண்டும் என்ற தாகம் அரசு வழக்கறிஞருக்கு இருக்கக்கூடாது. சொல்லும்போது எளிது. ஒரு கொலை வழக்கு என்னிடம் வந்தது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தின்பேரில் கிணற்றடியிலிருந்து அரிவாள் கைப்பற்றப்பட்டதாக வழக்கு. வழக்கம்போல் கட்டின் கடைசியிலிருந்து படித்து வந்தேன். பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் பதிவான கைப்பற்றல் மகஜரில் நேரம் காலை 7.00. ஒப்புதல் வாக்குமூலம் பதிவான நேரம் காலை 8.30. அவன் சொல்வதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அரிவாள் கிடைத்துவிட்டது என்றால், அவன் சொல்லித்தான் கிடைத்தது என்று எப்படிச் சொல்வது?

விசாரணை அதிகாரியை அழைத்துக் கேட்டேன். எழுதும்போது நேர்ந்த தவறு என்றார். இருக்கலாம். "திருத்திக் கொடுத்துவிடட்டுமா ஐயா?" என்று மெதுவாகக் கேட்டார். முடியாது என்றேன். நேரத்தை மறைக்காமல் சாட்சியத்தில் கொண்டுவந்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டார். எதிரி விடுதலை ஆனார். வெளியே மரத்தடியில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "நீங்க எங்க பக்கம்தானே சார்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் வாய் திறக்க முடியவில்லை. ஆனால் அந்த நேரத்தை மாற்றி எழுத விட்டிருந்தால், அதற்குப் பிறகு எந்த மகஜரையும் நம்பிப் படிக்க என்னால் முடிந்திருக்காது.

புதிதாக வருபவர்கள் இதிலிருந்து கற்க வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. இப்படிப்பட்ட ஓட்டையைச் சாட்சிக் கூண்டில் கண்டுபிடிக்காதீர்கள்; குற்றப்பத்திரிகைக்கு முன், காவல்துறை கருத்துக் கேட்டுக் கோப்பு அனுப்பும் கட்டத்திலேயே கண்டுபிடியுங்கள். அப்போதுதான் உண்மையிலேயே எழுத்துப் பிழையா என்று விசாரித்து அறிய நேரம் இருக்கும். பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தை முதல் வாய்தாவிலேயே உட்காரவைத்து, வழக்கில் எது பலம், எது பலவீனம் என்று சொல்லிவிடுங்கள். தங்களுக்கென்று வழக்கறிஞர் வைத்து அரசுத் தரப்புக்கு உதவ அவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருப்பதையும் சொல்லுங்கள். மரத்தடியில் அந்த அம்மா கேட்கும்படி விட்டது என் தவறு.

ஆவணத்தை மட்டும் நம்பி வழக்கு நடத்தியதற்குப் பெரிய முன்னுதாரணம் ஒருவர் இருக்கிறார். பெஞ்சமின் ஃபெரன்ஸ், அமெரிக்கர். சட்டம் படித்துவிட்டு இரண்டாம் உலகப் போரில் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து, முகாம்களில் போர்க்குற்ற ஆதாரம் திரட்டியவர். 1947இல், 27 வயதில், நியூரம்பெர்க்கில் நாஜிக் கொலைப் படைகளின் தலைவர்கள்மீதான வழக்கில் தலைமை அரசு வழக்கறிஞர் ஆனார். பெர்லினில் கிடைத்த அந்தப் படைகளின் சொந்த அறிக்கைகளை வைத்து, சாட்சி அழைக்காமல், இரண்டே நாளில் தன் தரப்பை முடித்தார். விசாரிக்கப்பட்ட 22 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பிறகு நாடு திரும்பித் தனியார் வழக்கறிஞராகவும் தொழில் நடத்தினார். 2023இல் 103 வயதில் இறந்தார். சீருடையில் தொடங்கி, அரசுத் தரப்பு வழியாகத் தனித் தொழில்வரை போனவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்.

மூன்றாவது நாற்காலி

தனித் தொழிலில் உங்கள் பெயர்ப் பலகையில் பெயரும் பட்டமும் போதும். "முன்னாள் ராணுவச் சட்ட அதிகாரி", "முன்னாள் அரசு வழக்கறிஞர்" என்றெல்லாம் எழுதிக்கொள்ள ஆசை வரும். பார் கவுன்சிலின் 36ஆவது விதி விளம்பரத்தைத் தடுக்கிறது. எந்த அமைப்போடு தொடர்பு இருந்தது, எதில் சிறப்புத் தேர்ச்சி என்று பலகையில் காட்டக்கூடாது என்றும் சொல்கிறது. கிடைக்கும் தொகையில் பங்கு என்று கட்டணம் பேசுவதும் கூடாது. ஓய்வூதிய நிலுவை வழக்குகளில் கட்சிக்காரரே "வருவதில் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்பார். தொகை சொல்லி, தவணையில் வாங்குங்கள்.

ராணுவ அனுபவம் உள்ளவருக்கு இயல்பாக வந்து சேரும் இடம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2009 ஆகஸ்டில் பணி தொடங்கியது. டெல்லியில் முதன்மை அமர்வு. சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. அதற்கு முன்பு ராணுவ நீதிமன்றத் தண்டனைக்கு எதிராக மேல்முறையீடே கிடையாது. ஒரு மேல்முறையீட்டு மன்றமாவது வேண்டாமா என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் கேட்டது. பதில் வர இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. 14ஆம் பிரிவில் பணி தொடர்பான மனுக்கள், 15இல் ராணுவ நீதிமன்றத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடுகள். பணியிட மாற்றமும் விடுப்பும் தீர்ப்பாயத்தின் வரம்பில் வராது. சுருக்க ராணுவ நீதிமன்றத் தண்டனையும், பணிநீக்கமோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கப்பட்டிருந்தால்தான் வரும். மற்றவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். தவறான கதவைத் தட்டி ஓராண்டை இழந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பாயத்தின் உத்தரவுக்கு எதிராகவும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. எல்லாக் கட்சிக்காரர்களாலும் டெல்லிவரை போக முடியாது என்பதால் இது பெரிய ஆறுதல்.

அதிகம் வருபவை ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்குகள். வந்ததும் மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: சேர்ந்தபோது செய்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு, வெளியேறும்போது மருத்துவ வாரியம் எழுதியது, ஓய்வூதியத்தை மறுத்த கடிதம். சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லையென்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். நோய் பணியால் வரவில்லை என்று சொல்ல வாரியம் காரணம் எழுத வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு தரம்வீர் சிங் தீர்ப்பின் சாரம். ஆனால் அது அன்றைய விதிகளின் மேல் நின்ற தீர்ப்பு. 2023இல் புதிய விதிகள் வந்திருப்பதால், உங்கள் கட்சிக்காரர் எந்தத் தேதியில் வெளியேறினார் என்று பார்த்த பிறகே அதைக் கையில் எடுங்கள். பல ஆண்டுகள் தாமதமாக வந்திருந்தால், உரிமை கிடைத்தாலும் நிலுவை பொதுவாக வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் என்பதை 2008இன் தர்செம் சிங் தீர்ப்பைக் காட்டி முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு மாதத் தாமதமும் அவருக்கு ஒரு மாத ஓய்வூதிய இழப்பு.

இந்த முன்னாள் படைவீரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வருவார்கள். முதுகு நிமிர்ந்திருக்கும். சுருட்டிய பிளாஸ்டிக் பைக்குள் பழுப்பேறிய காகிதங்கள், மேலே ரப்பர் பேண்ட். "முக்கியமானதை மேலே வைத்திருக்கிறேன் சாப்" என்று நீட்டுவார்கள். நான் வாங்கி, கட்டைத் திருப்பி, அடியிலிருந்து எடுக்கத் தொடங்குவேன். சென்ற மாதம் வந்த ஒரு முன்னாள் ஹவில்தாரின் கட்டில் அடியில் கிடந்தது, பனிமலைப் பகுதியில் அவர் பணியாற்றிய காலத்தில் கள மருத்துவமனை கொடுத்த சிறு சீட்டு. மூச்சுத்திணறல் என்று பென்சிலில் எழுதியிருந்தது. மருத்துவ வாரியத்தின் அறிக்கையில் அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "இதை ஏன் அடியில் வைத்தீர்கள்?" என்று கேட்டேன். கையெழுத்து மங்கிவிட்டதே, உதவாது என்று நினைத்தாராம்.

அதை முதல் இணைப்பாக வைத்து மனுவைத் தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.